முன்பாயின் ஷீட் கப்பியைக் காக்பிட்டில் இருந்தபடியே நகர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் துறைமுகத்தில் படகைக் கட்டி வைத்துவிட்டு, வார இறுதிகளில் சாட்ஸ்வர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் வந்து பாய்விரிக்கும் நம்மவர்கள், முன்பாயைச் சரிசெய்யப் பழகும் காலத்தில் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. ஏறத்தாழ 8 முதல் 12 மீட்டர் வரை நீளமுள்ள, ஒற்றைப் பாய்மரமும், ஃபர்லர் என்ற சுருட்டுகருவியில் சுருட்டும் ஜெனோவா என்ற பெரிய முன்பாயும் கொண்ட குடும்பப் படகை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன.

ஷீட் கப்பி என்பது எது? அது நிற்கும் இடத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

முன்பாயின் பின்மூலையிலிருந்து இறங்கி, பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறு, அதை இறுக்கும் சுழல்உருளையான வின்ச்சுக்கு நேரே போவதில்லை. பக்க டெக்கில் பதித்த உலோக டிராக்கின் மேல் நிற்கும் ஒரு கப்பிக்குள் நுழைந்து, அங்கே திரும்பி, அதன் பிறகே ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டை அடைகிறது. அந்தக் கப்பியையும் அதைத் தாங்கும் சிறு வண்டியையும் சேர்த்தே இங்கே ஷீட் கப்பி என்கிறோம்; கடையில் லீட் கார் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

ஷீட் எவ்வளவு இறுக வேண்டும் என்பதை வின்ச் தீர்மானிக்கிறது. அந்த இறுக்கம் பாயின் எந்த ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கப்பி நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. கப்பியை முன்னே நகர்த்தினால் கயிறு நிமிர்ந்து பின்மூலையைக் கீழ்நோக்கி இழுக்கும். அப்போது பின்னோரம் இறுகும், அடியோரம் தளரும், பாயின் கீழ்ப்பகுதி வயிறு வைக்கும். பின்னே நகர்த்தினால் கயிறு சாய்ந்து பின்மூலையைப் பின்நோக்கி இழுக்கும். அப்போது அடியோரம் தட்டையாகும், பின்னோரத்தின் மேற்பகுதி திறந்துகொண்டு காற்றை வெளியே விடும். ஷீட்டை எவ்வளவு கவனமாக இழுத்தாலும், கப்பி தவறான இடத்தில் இருந்தால் பாயின் ஒரு பாதி சரியாகவும் மறுபாதி வீணாகவுமே நிற்கும்.

கப்பியின் தொடக்க இடத்தை எப்படிக் கண்டறிவது?

காற்று அடங்கியிருக்கும் காலை வேளையில், படகைக் கட்டியிருக்கும் இடத்திலேயே பாயை முழுவதும் விரித்து, ஷீட்டை மிதமாக இழுத்துக் கட்டிவிட்டு, மேடையில் சற்றுத் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். கப்பியிலிருந்து பின்மூலைக்கு ஏறும் கயிற்றை அதே நேர்கோட்டில் பாயின் மேல் நீட்டினால், அது முன்னோரத்தின் நடுப்பகுதியை ஒட்டிப் போய்த் தொட வேண்டும். நடுவுக்கு வெகுவாக மேலே தொட்டால் கப்பி அளவுக்கு மீறி முன்னே இருக்கிறது. வெகுவாகக் கீழே தொட்டால் அளவுக்கு மீறிப் பின்னே இருக்கிறது. பாய் தைப்பவர்களில் சிலர் பின்மூலையில் இந்தக் கோட்டை வரைந்தே தருகிறார்கள். உங்கள் பாயில் அப்படியொரு கோடு இருந்தால் கயிறு அதனுடன் ஒரே நேராக நின்றால் போதும். பின்மூலை உயரத்தில் இருக்கும்படி வெட்டிய பாய்க்குக் கப்பி பின்னே தள்ளியும், டெக்கை ஒட்டி இறங்கும் பாய்க்கு முன்னேயும் நிற்கும்.

கிடைத்த இடத்துக்கு நேராக டெக்கில் ஓர் அடையாளம் இட்டுவிடுங்கள். இது தொடக்கம் மட்டுமே. உண்மையான இடத்தைப் படகு ஓடும்போது காற்றுநூல்களே சொல்லும்.

காற்றுநூல்களைப் பார்த்துக் கப்பியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று எப்படி முடிவுசெய்வது?

முன்னோரத்திலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உள்ளே தள்ளி, மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், பாயின் இரு முகங்களிலும் கம்பளி நூல்கள் ஒட்டியிருக்க வேண்டும். காற்றை இயன்ற அளவு நெருங்கி ஓட்டிக்கொண்டே, சுக்கானை மிக மெதுவாகத் திருப்பி, படகின் முகத்தைக் காற்றுக்குள் சிறிது சிறிதாகக் கொண்டுசெல்லுங்கள். காற்று வரும் பக்கத்து நூல்களில் எது முதலில் எழுந்து துடிக்கிறது என்பதே கேள்வி. மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக எழுந்தால் கப்பி சரியான இடத்தில் இருக்கிறது. மேல்நூல் முந்தினால் பாயின் தலைப்பகுதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது. கப்பியை முன்னே கொண்டுவர வேண்டும். கீழ்நூல் முந்தினால் தலைப்பகுதி இறுகி அடிப்பகுதி வயிறு வைத்திருக்கிறது. கப்பியைப் பின்னே விட வேண்டும்.

இந்தச் சோதனையை அமைதியான நீரில் செய்வது நல்லது. தென்மேற்குக் காற்று மிதமாக வீசும் நாளில் பிளஃப் மேட்டின் மறைவில் கிடைக்கும் நீர் இதற்குப் பொருத்தமானது. வெளியே அலையில் ஏறி இறங்கும்போது பாயின் தலை முன்னும் பின்னும் ஆடுவதால் நூல்கள் தாமே குழம்பும். அங்கே மேல்நூல் ஒரு கணம் முந்துவதை நான் குற்றமாகக் கொள்வதில்லை.

நூல்கள் தெரியாத இரவில் இன்னொரு வழி உண்டு. பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரௌட் கம்பிகளுக்கு உள்ளே டிராக் அமையாமல், பாய் அவற்றைச் சுற்றிப் பின்னே வரும் படகில், ஷீட்டை இழுக்க இழுக்க அடியோரம் ஷ்ரௌடின் அடியையும், பின்னோரம், அந்தக் கம்பிகளை மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் ஸ்பிரெடரின் நுனியையும் ஏறத்தாழ ஒரே வேளையில் நெருங்க வேண்டும். ஒன்று தொட்டுவிட்ட பிறகும் மற்றது வெகு தூரத்தில் இருந்தால் கப்பியின் இடம் தவறு. டார்ச் வெளிச்சத்தில் இதைப் பார்த்துவிடலாம்.

எந்தக் காற்றுக்குக் கப்பி எங்கே இருக்க வேண்டும்?

மிதமான காற்றில், நூல்கள் காட்டிய இடத்தில். காற்று தணிந்து, பழைய அலை மட்டும் மிஞ்சியிருந்தால், டிராக்கில் ஒரு துளை முன்னே. அடிப்பகுதியில் வயிறு வைத்த பாய் படகை அலையினூடே தள்ளிக்கொண்டு போகும். காற்று வலுத்துப் படகு அளவுக்கு மீறிச் சாயத் தொடங்கினால், முதல் நடவடிக்கையாகப் பின்னே. தலைப்பகுதி திறந்து மேற்காற்றை வெளியே விடுவதால், பாயைச் சுருட்டாமலே சாய்வு குறையும்.

பக்கக் காற்றில் நிலைமை வேறு. ஷீட்டைத் தளர்த்தியவுடன் பின்மூலை மேலேறி வெளியே போகிறது. பின்னோரம் முழுவதும் அவிழ்ந்து, தலைப்பகுதி வெறுமனே படபடக்கிறது. அப்போது கப்பி முன்னேயும் வெளியேயும் போக வேண்டும். டிராக்கில் முன்னே நகர்த்துவது பாதி வேலை. கயிற்றைப் படகின் விளிம்புக்கு இழுக்கும் இன்னொரு கப்பி மறுபாதி வேலையைச் செய்யும். ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து வடகிழக்குக் காற்றைப் பின்பக்கவாட்டில் வைத்துக்கொண்டு டர்பனுக்கு இறங்கும் ஏறத்தாழ 90 கடல் மைலில், பலர் ஜெனோவா ஓயாமல் அடித்துக்கொள்கிறது என்று பாயைக் குறைசொல்கிறார்கள். கப்பியை காற்றை நெருங்கி ஓட்டும் இடத்திலேயே விட்டுவைத்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

காற்று வலுத்தால் கப்பியைப் பின்னே விடு என்கிறார்கள். பாயைச் சுருட்டினால் முன்னே கொண்டுவா என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரி, அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு. பாய் முழுவதும் விரிந்திருக்கும்போது கப்பியைப் பின்னே விடுவது, தலைப்பகுதியைத் திறந்து சற்றுக் காலம் தாக்குப்பிடிப்பதற்காக. அதற்கும் மிஞ்சிக் காற்று ஏறிப் பாயைச் சுருட்டத் தொடங்கினால், பின்மூலை முன்பக்கக் கம்பியை நோக்கி நகர்ந்து மேலும் எழுகிறது. கப்பி இருந்த இடத்திலேயே இருந்தால் கயிறு இப்போது மிகவும் சாய்ந்துவிடும்: அடியோரம் பலகை போல விறைத்து நிற்க, பின்னோரம் மேலே அவிழ்ந்து அடித்துக்கொள்ளும். படபடக்கும் அந்த ஓரம்தான் முதலில் கிழியும். ஆகவே சுருட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் கப்பி முன்னே வர வேண்டும்.

சுருட்டும் அளவுகளைப் பாயின் அடியோரத்தில் மூன்று வண்ணப் புள்ளிகளாகவும், அவற்றுக்குரிய கப்பி இடங்களை டெக்கில் அதே வண்ணங்களாலும் குறித்துவைத்தால், இருட்டிலும் பதற்றத்திலும் யோசிக்க வேண்டியிருக்காது. கையில் ஒரு காசும் செலவழிக்காமல் செய்யக்கூடிய சீர்திருத்தங்களில் இதைவிடப் பயன் தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை.

டிராக்கின் துளையில் ஊசி போட்டு நிறுத்தும் பழைய கப்பியே போதாதா? காக்பிட்டுக்குக் கயிறு கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன?

விரிகுடாவுக்குள் மட்டும் ஓட்டுபவருக்குப் போதும். வெளியே போகிறவருக்குப் போதாது என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் இந்தக் கரையின் வானிலை. வடகிழக்குக் காற்று பிற்பகலில் ஏறிக்கொண்டே போகும், காற்றழுத்தமானி இறங்கிக்கொண்டே வரும். பிறகு கரையோரத் தாழ்வழுத்தம் கடந்ததும் காற்று சட்டென்று ஓய்ந்து, சில நிமிடங்களுக்குள் எதிர்த்திசையான தென்மேற்கிலிருந்து 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்துக்கு மேல் அடிக்கக்கூடும். கண்டத்திட்டின் விளிம்பை ஒட்டித் தென்மேற்காக ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டம் 3, 4 நாட் வேகத்தை எளிதில் எட்டும். அதற்கு நேரெதிராகத் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அலைகள் குறுகி, செங்குத்தாகி, ஆபத்தானவையாகின்றன. டர்பனிலிருந்து கிழக்கு லண்டன் துறைமுகம் வரையுள்ள ஏறத்தாழ 250 கடல் மைலில் ஒதுங்கத் தகுந்த துறைமுகமும் இல்லை.

அந்த வேளையில் பாயைச் சுருட்டுவதற்கான கயிறு ஏற்கெனவே காக்பிட்டில் இருக்கிறது. ஆனால் சுருட்டிய பாய்க்கு ஏற்ற இடத்துக்குக் கப்பியைக் கொண்டுபோக, ஒருவர் சாய்ந்த பக்க டெக்கில், அதுவும் நீரில் முங்கும் தாழ்ந்த பக்கத்தில், மண்டியிட்டு ஊசியைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. பலர் அதைச் செய்வதில்லை. பாய் அடித்துக்கொண்டே வீடு வந்து சேர்கிறது. கணவனும் மனைவியும் மட்டுமோ, தந்தையும் பள்ளி வயது மகளும் மட்டுமோ ஓட்டும் படகில், டெக்குக்கு ஒருவரை அனுப்பினால் காக்பிட்டில் ஒருவர்தான் மிஞ்சுகிறார். வேகத்துக்காகப் பந்தயக்காரர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு, இந்தக் கரையில் குடும்பப் படகுக்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது.

ஷீட்டில் எவ்வளவு சுமை வரும்? கையால் இழுக்க முடியுமா?

தளவாடம் செய்யும் நிறுவனங்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பாயின் பரப்பைச் சதுர மீட்டரிலும், படகில் உணரும் காற்றின் வேகத்தை நாட்டிலும் எடுத்துக்கொண்டு, பரப்பை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை மறுபடியும் 0.021ஆல் பெருக்கினால், ஷீட்டில் வரும் சுமை ஏறத்தாழ கிலோகிராமில் கிடைக்கும். 30 சதுர மீட்டர் ஜெனோவாவுக்கு 15 நாட் காற்றில் 142 கிலோ. 20 நாட்டில் 252 கிலோ. 25 நாட்டில் 394 கிலோ. காற்று பத்து நாட் ஏறுவதற்குள் சுமை ஏறத்தாழ மூன்று மடங்காவதைக் கவனியுங்கள்.

ஆனால் கப்பியை நகர்த்துவதற்கு இந்தச் சுமை முழுவதையும் வெல்ல வேண்டியதில்லை. பின்மூலையிலிருந்து இறங்கும் கயிறு கப்பியை மேலும் முன்னும் இழுக்கிறது. வின்ச்சுக்குப் போகும் கயிறு அதே அளவு விசையுடன் பின்னே இழுக்கிறது. முன்னிழுப்பு கோணத்தால் குறைந்துபோவதால், மிஞ்சுவது பின்னிழுப்பு. இறங்கும் கயிறு டெக்குடன் 45 பாகையில் இருந்தால், கப்பியைப் பின்னே தள்ளும் விசை ஷீட் சுமையில் 0.29 பங்கு, 30 பாகையில் 0.13 பங்கு, 60 பாகையில் சரிபாதி. அதாவது மேற்சொன்ன பாயில், 20 நாட் காற்றில், 45 பாகையில், முன்னே இழுக்க வேண்டிய சுமை 73 கிலோதான். நான்கு மடங்கு கப்பித் தொகுதி வைத்தால் கணக்கின்படி கைக்கு 18 கிலோ வரும். உராய்வையும் சேர்த்தால் 25 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். காலை ஊன்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர் எவரும் இழுத்துவிடுவார். ஆறு மடங்கு வைத்தால் பதின்வயதுப் பிள்ளையும் இழுக்கும்.

கப்பி முன்னே வர வரக் கயிறு நிமிர்ந்து, பின்தள்ளும் விசை கூடிக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கடைசி ஒரு சாண் கனப்பது அதனால்தான்.

முன்னே இழுக்க ஒரு கயிறு சரி. பின்னே இழுக்க இன்னொன்று வேண்டாமா?

வேண்டியதில்லை. மேலே கண்டபடி ஷீட்டின் சுமையே கப்பியைப் பின்னே தள்ளுகிறது. முன்கயிற்றைத் தளர்த்தினால் அது தானே பின்னே ஓடும். சுமையில்லாத மறுபக்கக் கப்பிக்கு மட்டும் டிராக்கின் பின்முனையிலிருந்து ரப்பர் போல நீண்டு சுருங்கும் ஒரு மீள்கயிற்றை மாட்டிவிட்டால், அதுவும் தளர்த்தியவுடன் பின்னே போகும். இந்த வசதி உருளைக்குண்டு (பால் பேரிங்) வைத்த வண்டிகளுக்கு முழுமையாகப் பொருந்தும். உலோகத்தின் மேல் உலோகம் உரசும் பழைய வண்டி, 45 பாகையில் ஷீட் சுமையின் 0.71 பங்கு அதை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருப்பதால், டிராக்கின் விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கலாம்.

அப்படியானால் பழைய டிராக்கைப் பிடுங்கிவிட்டுப் புதியது போட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். உருளைக்குண்டு வண்டிகளுக்குப் பெரும்பாலும் அவற்றுக்கே உரிய டிராக் வேண்டும். டெக்கில் புதிய துளைகள், உள்ளே கூரைப் பலகையைக் கழற்றுவது என்று செலவு ஏறும். ஆனால் நம் படகுகளில் பெரும்பான்மையாக இருக்கும் T வடிவ டிராக்குக்கே, உட்புறம் வழுக்கும் பிளாஸ்டிக் பதித்த, இழுகயிறு மாட்டும் வசதியுள்ள வண்டிகள் கிடைக்கின்றன. ஹார்க்கன், லூமார், ரான்ஸ்டன், கார்ஹவர் ஆகிய நிறுவனங்களின் விலைப்பட்டியல்களைப் பார்த்தால், டிராக்கின் அகலம் 25 மி.மீ.யா 32 மி.மீ.யா என்பதே முதல் கேள்வியாக இருக்கும். கடைக்குப் போகுமுன் அளந்துகொள்ளுங்கள். இவை உருளைக்குண்டு வண்டி போல வழுக்காது. காற்றுத் தணிந்த ஒரு கணத்தில், அல்லது சுக்கானைச் சற்றே காற்றுக்குள் திருப்பிப் பாயின் சுமையைக் குறைத்த கணத்தில் இழுத்தால் வந்துவிடும். குடும்பப் படகுக்கு அது போதும். மிச்சப்படும் பணத்தைப் புதிய ஷீட் கயிற்றில் போடுவது மேல்.

வண்டியைத் தவிரத் தேவைப்படுபவை: டிராக்கின் முன்முனைக்குக் கப்பிகளுடன் கூடிய ஒரு தடுப்பு, காக்பிட்டுக்குக் கயிற்றை வழிகாட்டும் ஒன்றிரண்டு கப்பிகள் அல்லது வளையங்கள், இழுத்த இடத்தில் நிறுத்த ஒரு கிளீட்.

இழுகயிறு எந்தத் தடிமனில் இருக்க வேண்டும்? கேம் கிளீட் நல்லதா, கிளட்ச் நல்லதா?

வலிமைக்கு 6 மி.மீ. கயிறே போதும், கைக்கு இதமாக இருப்பது 8 மி.மீ. வலிமையைவிட நீளாமை முக்கியம். நீளும் கயிறாக இருந்தால், காற்று ஓங்கும்போதெல்லாம் கப்பி ஓர் அங்குலம் பின்னே போய், தணியும்போது திரும்பி வரும். வேண்டாத நேரத்தில் பின்னோரம் திறந்து மூடும். டைனீமா உள்ளீடு கொண்ட கயிறு சற்று விலை கூடினாலும் தகும். நான்கு மடங்குத் தொகுதியில் கப்பி அரை மீட்டர் நகர, இரண்டு மீட்டர் கயிறு காக்பிட்டுக்குள் வரும். அதைச் சுருட்டி வைக்க ஒரு பையும் வேண்டும்.

ஆறு மடங்குத் தொகுதிக்கு, இரு பல்தாடைகளால் கயிற்றைக் கவ்வும் கேம் கிளீட் போதுமானது. ஒரு கையால் மேலே சுண்டிவிட்டால் விடுபடும். மடங்கு குறைவாக வைத்து, கேபின் கூரையில் இருக்கும் வின்ச்சுக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டில், நெம்புகோலால் கயிற்றைப் பூட்டி விடுவிக்கும் கிளட்ச் வேண்டும். கனத்த சுமையில் கேம் கிளீட்டை விடுவிக்க முதலில் கயிற்றை இன்னும் இழுக்க வேண்டியிருப்பதால் அது அங்கே தொல்லை.

இப்போதைக்குச் செலவழிக்க வழியில்லை. வேறு உபாயம் உண்டா?

மூன்று உண்டு. முதலாவது, இருக்கும் கப்பியைச் சற்றுப் பின்னே நிறுத்திவிட்டு, அதற்கும் பின்மூலைக்கும் இடையே ஓடும் ஷீட்டின் மேல் ஒரு வழுக்கு வளையத்தைக் கோத்து, வளையத்தில் கட்டிய மெல்லிய கயிற்றை டிராக்கின் முன்பகுதியில் ஒரு கப்பி வழியாகத் திருப்பிக் காக்பிட்டுக்குக் கொண்டுவருவது. அந்தக் கயிற்றை இழுத்தால் ஷீட் கீழே வளைந்து, கப்பியை முன்னே நகர்த்திய அதே பலன் கிடைக்கும். பார்பர் ஹாலர் என்று ஓட்டிகள் சொல்வது இதைத்தான். தலைகீழாக, கயிற்றை விளிம்பிலிருக்கும் வளையத்துக்குக் கொண்டுபோனால் பக்கக் காற்றுக்கு வேண்டிய வெளியிழுப்பு கிடைக்கிறது. முன்னே மட்டும்தான் இதனால் போக முடியும் என்பதால், டிராக்கில் இருக்கும் கப்பியை முதலிலேயே பின்னே நிறுத்துவது அவசியம்.

இரண்டாவது, சுமையில்லாத பக்கத்துக் கப்பியை முதலில் சரிசெய்துகொண்டு, டேக் அடித்து (படகின் முகத்தைக் காற்றினூடே திருப்பிப் பாயை மறுபக்கம் மாற்றி), மற்றதையும் சரிசெய்து, திரும்புவது. திறந்த கடலில் இடமிருக்கும்போது இதைவிடப் பாதுகாப்பான வழியில்லை. மூன்றாவது, பின்மூலையில் இன்னொரு குட்டைக் கயிற்றை மாட்டி, அதை வேறு வின்ச்சில் இறுக்கி, சுமையை அதற்கு மாற்றிவிட்டு, தளர்ந்து நிற்கும் ஷீட்டின் கப்பியை நகர்த்துவது. நெடும்பயணத்தில் ஒரே பக்கக் காற்று நாள் முழுவதும் நீடிக்கும்போது இது பயன்படும்.

டேக் அடிக்கும்போது இரு பக்கக் கப்பிகளையும் எப்படி ஒத்திசைப்பது?

திரும்புவதற்கு முன்பே, சுமையில்லாத பக்கத்துக் கப்பியை, ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் எண்ணுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதற்காகவே டிராக்கின் இரு பக்கமும் ஒரே எண்களை எழுத வேண்டும். இழுகயிற்றிலும் கிளீட்டின் அருகே நூலால் ஓர் அடையாளம் கட்டினால், தலையைத் திருப்பாமலே கப்பி எங்கே என்று தெரியும். எண்களை எழுதுமுன் இரு டிராக்குகளும் படகின் முன்முனையிலிருந்து ஒரே தூரத்தில்தான் தொடங்குகின்றனவா என்று அளந்து பாருங்கள். பழைய படகுகளில் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதை நம்பிவிடக் கூடாது.

பொருத்தும்போது எதில் கவனம் தேவை?

மேல்நோக்கிய சுமையில். 25 நாட் காற்றில் நம் 30 சதுர மீட்டர் பாய், 45 பாகையில், கப்பியை ஏறத்தாழ 280 கிலோ விசையுடன் டெக்கிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. வண்டிக்கு அடியில் இருக்கும் இரண்டொரு போல்ட்டுகளே அதைத் தாங்குகின்றன. ஆகவே டிராக்கையும் முன் தடுப்பையும் மரத்திருகால் பதிக்காமல், டெக்கை ஊடுருவும் 316 தர எஃகு போல்ட்டும் உள்ளே தாங்கு தகடும் வைத்தே பொருத்த வேண்டும். டெக்கின் நடுவே பால்சா மரம் இருக்கும் படகில், துளையைப் பெரிதாக்கி, உள்மரத்தைச் சுரண்டி, எப்பாக்ஸியால் அடைத்து, அது காய்ந்த பிறகு போல்ட்டுக்குரிய துளையை இடுவதே முறை. இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் மரம் நீர் கோத்துக்கொள்ளும்.

கைக்கும் காலுக்கும் என்ன ஆபத்து?

சுமையேறிய கப்பியின் ஊசியைப் பிடுங்கவே கூடாது. விடுபட்ட வண்டி பின்முனைத் தடுப்பு வரை ஓடி இடிக்கும், இடையில் இருக்கும் விரலைப் பொருட்படுத்தாது. கப்பியில் கயிறு வளையும் கோணத்துக்கு உள்ளே யாரும் உட்காரவோ நிற்கவோ கூடாது. கப்பியோ அதை மாட்டும் ஷேக்கிள் வளையமோ முறிந்தால் கயிறு பாயும் திசை அதுவே. காக்பிட்டிலிருந்து தளர்த்தும்போதும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல், மெதுவாக நழுவவிட வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான், நூல்களைப் பற்றி அல்ல.

பராமரிப்பு?

ஒவ்வொரு முறை திரும்பியதும் நன்னீர் ஊற்றிக் கழுவுங்கள். உருளைக்குண்டு வண்டிக்குக் கிரீஸ் பூச வேண்டாம். துறைமுகத் தூசியும் உப்பும் அதில் ஒட்டி அரைக்கும். நடால் வெயிலில் மீள்கயிறுதான் முதலில் உயிர்விடும். அது தொங்கத் தொடங்கியதும் மாற்றிவிடலாம், விலை அற்பம்.

கப்பி சரியான இடத்தில் இருந்தும் பின்னோரம் படபடக்கிறதே, ஏன்?

நூல்கள் மூன்றும் ஒன்றாக எழுகின்றன, ஆனாலும் பின்னோரத்தின் கடைசி ஒரு சாண் மட்டும் தாள் போல அதிர்கிறது என்றால், கப்பியைத் தொட வேண்டாம். அந்த ஓரத்தின் மடிப்புக்குள் ஒரு மெல்லிய கயிறு ஓடுகிறது. பின்மூலைக்கு அருகே அதற்குச் சிறு கிளீட் இருக்கும். அதிர்வு நிற்கும் அளவுக்கு மட்டும் அதை இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் ஓரம் உள்நோக்கிச் சுருண்டு கொக்கி போல நின்று காற்றைத் தடுக்கும். காற்று தணிந்ததும் மறவாமல் தளர்த்த வேண்டும். அந்தக் கயிற்றை இழுத்தும் அதிர்வு நிற்கவில்லை என்றால், துணி நீண்டுபோயிருக்கிறது. பாயைத் தைப்பவரிடம் கொண்டுபோய்ப் பின்னோரத்தை மறுபடி வெட்டித் தைக்கச் சொல்வதுதான் வழி, டிராக்கில் எந்த இடத்திலும் அதற்கு மருந்தில்லை.